வானியல் தொலைநோக்கியில் அருகிலுள்ள பறவைகளையும் அணில்களையும் பார்க்க முடியுமா?

கேள்வி: அந்திவான்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட, ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கி இருக்கிறது. அது சாய்ந்த அச்சில் சுழலும் ஈக்குவிடோரியல் மவுண்ட் என்ற தாங்கியின் மேல் பொருத்தப்பட்டுள்ளது. உடன் வந்தவை 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்). இரவில் நிலவையும் கோள்களையும் காட்டும் இந்தக் கருவி பகல் முழுவதும் உறைக்குள்தான் கிடக்கிறது. வீட்டுக்கு எதிரே சுமார் 15 மீட்டர் தொலைவில் ஒரு மரம். அதற்கு அணில்களும் ஒரு மரங்கொத்தியும் வருகின்றன. அதையும் தாண்டி, 40 மீட்டர் தொலைவில், குளத்து மேல் நீண்டிருக்கும் பட்ட கிளையொன்றில் மீன்கொத்தி தவறாமல் வந்து அமர்கிறது. இவற்றையெல்லாம் இந்தத் தொலைநோக்கியிலேயே பார்க்கலாமே என்று முயன்று பார்த்தேன்.

மீன்கொத்தி தெரிந்தது, ஆனால் தலைகீழாகத் தெரிந்தது. மரத்தைப் பொறுத்தவரை, தெளிவைச் சரிசெய்யும் ஃபோகஸரைக் கடைசிவரை வெளியே திருப்பிய பிறகும் தெளிவு கிட்டவில்லை. 25 மி.மீ. ஐபீஸில் பார்க்கும்போது காட்சியின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மிதக்கிறது. இரவில் அப்படி எதையும் கண்டதில்லை. போதாக்குறைக்கு, அணில் கிளையில் நேராக ஓடினால் தொலைநோக்கி சாய்வாக நகர்கிறது.

இவற்றுக்குத் தீர்வு உண்டா? அல்லது, வானியல் தொலைநோக்கி வானத்துக்கு மட்டுமே என்று ஏற்றுக்கொண்டு பைனாகுலர் வாங்குவதுதான் முறையா?

மறுமொழி: குவியம்

அன்புள்ள அந்திவான், தாராளமாகப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன இடையூறுகள் அனைத்துக்கும் காரணம் உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் செலவில்லாத தீர்வும் உண்டு. கருவியில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெளிவு கிட்டாததிலிருந்து தொடங்குவோம். நட்சத்திரங்கள் ஏறத்தாழ முடிவிலாத் தொலைவில் இருப்பதால் அவற்றின் பிம்பம் சரியாக 650 மி.மீ. தூரத்தில் விழுகிறது, பொருள் நெருங்கி வர வர, பிம்பம் விழும் இடம் ஆடியிலிருந்து விலகி வெளியே நகர்கிறது. பள்ளியில் படித்த ஆடிச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், 40 மீட்டரில் உள்ள மீன்கொத்திக்கு ஏறத்தாழ 11 மி.மீ., 15 மீட்டரில் உள்ள மரத்துக்கு 29 மி.மீ., 10 மீட்டருக்கு 45 மி.மீ. என்ற அளவுக்கு ஐபீஸ் வெளியே வர வேண்டும். உங்கள் ஃபோகஸர் முதல் அளவுக்கு எட்டுகிறது, இரண்டாவதற்கு எட்டவில்லை. ஐபீஸை அதன் பிடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே இழுத்துத் திருகை இறுக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். போதாவிட்டால் 1.25 அங்குல நீட்டிப்புக் குழாய் ஒன்றைச் செருகலாம். உங்களிடம் பார்லோ வில்லை (பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) இருந்து, அதன் அடியிலுள்ள வில்லைப் பகுதி திருகிக் கழற்றக்கூடியதாக இருந்தால், வில்லை இல்லாத அந்த வெற்றுக் குழாயே நீட்டிப்புக் குழாயாகிவிடும்.

அடுத்தது நடுவே மிதக்கும் நிழல். அது உங்கள் குழாயின் வாயருகே இருந்து ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் துணை ஆடியின் நிழல். 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கு பெருக்குகிறது, 130 மி.மீ. ஒளிக்கற்றை 26 மடங்கு சுருங்கி 5 மி.மீ. அகலத்தில் ஐபீஸிலிருந்து வெளியேறுகிறது. அதன் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. அகலத்தில் துணை ஆடியின் நிழலும் வருகிறது. இரவில் விரிந்திருக்கும் கண்பாவைக்கு அந்த நிழல் பொருட்டே இல்லை. பகல் வெளிச்சத்திலோ கண்பாவை இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால், உள்ளே நுழையும் ஒளியில் கணிசமான பங்கை அந்த நிழல் அடைத்துக்கொள்கிறது. 10 மி.மீ. ஐபீஸில் வெளியேறும் கற்றை முழுவதுமே 2 மி.மீ. தான், ஆகையால் அது அப்படியே கண்ணுக்குள் சென்றுவிடும், நிழல் தெரியாது. ஆனால் 65 மடங்கு பெருக்கம் பகல் நேரத்துக்கு அதிகம். வெயில் ஏறிய பின் தரையிலிருந்து எழும் கானல் அந்தப் பெருக்கத்தில் எல்லாவற்றையும் நெளியச் செய்துவிடும்.

இதற்கு நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்தும் வழி உங்கள் தொலைநோக்கியின் முன் மூடியிலேயே இருக்கக்கூடும். பெரும்பாலான சிறிய நியூட்டோனியன்களின் முன் மூடியில், ஓரமாக, தனியே கழற்றக்கூடிய ஒரு சிறு மூடி இருக்கும். பெரிய மூடியைப் போட்டபடியே வைத்து, சிறு மூடியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ 45 மி.மீ. அகலமுள்ள அந்தத் துளை துணை ஆடிக்கும் குழாயின் சுவருக்கும் இடையே அமைவதால், ஒளி எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வருகிறது. துணை ஆடியைத் தாங்கும் தகடுகளில் ஒன்று துளைக்குக் குறுக்கே வராதபடி மூடியைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவே. இப்போது 25 மி.மீ. ஐபீஸில் வெளியேறும் கற்றை 1.7 மி.மீ. தான், நிழல் அடியோடு மறைந்துவிடும்.

அதோடு வேறு நன்மைகளும் வருகின்றன. முழு வாயையும் திறந்து வைத்து 15 மீட்டரில் உள்ள பறவையைப் பார்த்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும். அலகு துலங்கும்போது வால் மங்கிப்போகும். துளை வழியே பார்க்கும்போது அதே தெளிவு கணக்குப்படி 11 சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. மேலும், பரவளைய ஆடி என்பது முடிவிலாத் தொலைவுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. மிக அருகிலுள்ள பொருளுக்கு அதில் சிறிது கோளப்பிறழ்ச்சி (கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாமை) தோன்றும், வாயைக் குறுக்கும்போது அதுவும் குறையும். ஒளி குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். பகலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. அதிகாலையிலும் அந்தியிலும் மட்டும் பெரிய மூடியை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கண்பாவையும் விரிந்திருக்கும், நிழலும் தொந்தரவு செய்யாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தச் சிறு துளை சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி அன்று. அதன் வழியே சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும்.

இனித் தலைகீழ் பிம்பம். நியூட்டோனியனில் இரண்டு ஆடிகள் இருப்பதால் பிம்பம் 180 பாகை சுழன்றிருக்குமே தவிர, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்காது. இதனால் ஒரு வசதி உண்டு. குழாயை அதன் வளையங்களில் தளர்த்தி, ஐபீஸ் மேல் நோக்கி இருக்கும்படி சுழற்றிக்கொண்டு, பறவைக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து பார்த்தால், பிம்பம் நேராகவே தெரியும். இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். ஃபோகஸர் குழாயின் வாயருகே இருப்பதால், உங்கள் உடம்பே வாயை மறைத்துவிடாதபடி குழாயின் பக்கவாட்டில் நின்று, தலையை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. நிமிர்த்திக் காட்டும் ஐபீஸ்களும் கிடைக்கின்றன. அவற்றில் கூடுதல் வில்லைகள் இருப்பதால் பார்வைப்புலம் குறுகும், தெளிவும் சற்றுக் குறையும். நிமிர்த்தும் முப்பட்டகம் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அது ஒளிப்பாதையில் நீண்ட இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நியூட்டோனியனில் பெரும்பாலும் குவியம் எட்டாது.

உண்மையில், தலைகீழ் பிம்பத்துக்குக் கண் விரைவில் பழகிவிடும். கலிலியோ 1609-இல் வெனிஸில் கப்பல்களைக் காட்டிய தொலைநோக்கியில் பிம்பம் நேராகத்தான் தெரிந்தது. 1611-இல் கெப்ளர் விவரித்த அமைப்பில் பிம்பம் தலைகீழாகிவிட்டது, ஆனால் பார்வைப்புலம் விரிந்தது. வானியலாளர்கள் பின்னதையே தேர்ந்தெடுத்தார்கள்.

மறுமொழி: குளக்கரை

குவியம் அவர்கள் ஒளியியலை நன்றாக விளக்கிவிட்டார். நான் பல காலமாகப் பறவை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓரிடத்தில் அவரோடு மாறுபடவும் செய்கிறேன்.

தலைகீழ் பிம்பம் பழகிவிடும் என்பது அமர்ந்திருக்கும் பறவைக்கு மட்டுமே பொருந்தும். ஓடும் அணிலைத் தொடரும்போது கை ஒரு பக்கமும் காட்சி மறுபக்கமும் போவது சோர்வூட்டும். ஆகவே, புதிதாகக் கருவி வாங்க எண்ணுபவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இரவுக்கும் பகலுக்கும் சேர்த்து ஒரே கருவி வேண்டுமென்றால், 70 மி.மீ. அளவிலான, ஆடிக்குப் பதில் வில்லையால் ஒளியைக் குவிக்கும் ஒளிவிலகல் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அதன் பின்முனையில் 45 பாகை நிமிர்த்தும் முப்பட்டகத்தைப் பொருத்தினால் காட்சி எல்லா வகையிலும் நேராகத் தெரியும். நீங்களும் பறவை இருக்கும் திசையையே பார்த்து நிற்பீர்கள். நடுவே நிழல் விழ வழியே இல்லை. வானத்துக்கென்று கொடுக்கப்படும், ஒளியை 90 பாகை திருப்பும் துணைக்கருவியில் பிம்பம் நிமிர்ந்திருக்கும், ஆனால் இடவலம் மாறியிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரகாசமான வானத்தின் எதிரே அமர்ந்த கரிய பறவையின் விளிம்பில் ஊதா நிறம் தோன்றுவது இவ்வகைக் கருவிகளின் இயல்பு; எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

அந்திவானிடம் ஏற்கெனவே நியூட்டோனியன் இருப்பதால், அவர் கவனிக்க வேண்டியது மவுண்டைத்தான். ஈக்குவிடோரியல் மவுண்டின் சாய்ந்த அச்சு பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுப்பதற்காக வைக்கப்பட்டது. அணில் அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. உங்கள் மவுண்டின் அட்சரேகைத் திருகு 90 பாகை வரை செல்லுமா என்று பாருங்கள். சென்றால், சாய்ந்த அச்சு செங்குத்தாக நிமிர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு குமிழைத் திருப்பினால் குழாய் இடவலமாகவும், மற்றொன்றைத் திருப்பினால் மேலும் கீழுமாகவும் நகரும். எடையைச் சமன்செய்யும் தண்டு கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும், யாரும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குத் திருகு போகாவிட்டால், இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் நகரும் எளிய ஆல்ட்-அசிமுத் மவுண்ட் ஒன்றில் குழாயை மாற்றிப் பொருத்துவதே நல்லது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. தொலைநோக்கியைக் கொண்டு உயிரினங்களைத் துரத்தாதீர்கள். உங்கள் 26 மடங்குப் பெருக்கத்தில் 15 மீட்டர் தொலைவில் தெரியும் வட்டத்தின் அகலம் அரை மீட்டர்தான். அதற்குள் ஓடியாடும் உயிரைக் கொண்டுவந்து நிறுத்துவது வீண் முயற்சி. அதற்குப் பதிலாக, அவை திரும்பத் திரும்ப வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தொலைநோக்கியை அங்கே முன்கூட்டியே குவியப்படுத்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள். மீன்கொத்திக்கு ஒரு கிளை, மரங்கொத்திக்கு ஒரு பொந்து, அணிலுக்கு ஒரு கவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. நீங்கள் சொன்ன பட்ட கிளை அத்தகைய இடம். அதன் பட்டையில் தெரியும் ஒரு வெடிப்பைப் பார்த்துக் குவியப்படுத்திவிட்டால், பறவை வந்து அமரும்போது திருகைத் தொடவே வேண்டியிருக்காது.

அப்படிக் காத்திருந்தால் கிடைப்பது பைனாகுலர் தராத நெருக்கம். மீன்கொத்தி நீரில் பாய்ந்து திரும்பியதும் அலகின் நுனியில் ஒரு துளி தொங்கும். அது விழுவதற்குள் பறவை கண்ணை மூடித் திறக்கும். கூர்ந்து பார்த்தால், மூடுவது மேல் இமையோ கீழ் இமையோ இல்லை, கண்ணின் மூலையிலிருந்து குறுக்கே நகர்ந்து வரும் மெல்லிய மூன்றாம் இமை என்பது தெரியும். பிறகு மீனைக் கிளையில் அடித்து, அதன் தலை தொண்டைப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்து விழுங்கும். செதிலும் முள்ளும் எதிர்ப்படாமல் உள்ளே வழுக்கிச் செல்வதற்காக அப்படிச் செய்கிறது. இந்த ஒழுங்கு முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அசையாமல் காண்பதற்கு, முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியே ஏற்றது.

பைனாகுலர் வாங்குவதா என்று கேட்டீர்கள். 8x42 அளவில் (8 மடங்குப் பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) ஒன்று இருந்தால், பறவை எங்கே இருக்கிறது என்று தேட அது உதவும். இரு கண்களாலும் பார்ப்பதால் பறக்கும் பறவையைத் தொடரவும் முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுமொழி: நிழல்மரம்

சூரியனைப் பற்றிக் குவியம் அவர்கள் ஒரு வரியில் எச்சரித்துவிட்டார். அதை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன். இரவில் தொலைநோக்கியைப் பயன்படுத்திப் பழகியவருக்குப் பகலில் குழாயைச் சுழற்றும்போது எந்தப் பக்கம் போகக்கூடாது என்ற பழக்கம் இருக்காது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது எரிந்துபோவதை வலி வந்து எச்சரிக்காது. எனவே இலக்கு எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். இயன்றால் கட்டடத்தின் நிழலுக்குள் நின்று பாருங்கள். சூரியன் உங்களுக்கே தெரியாத இடத்தில் குழாய்க்கும் தெரியாது. ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு நெடுந்தொலைவு திருப்ப வேண்டியிருந்தால், முன் மூடியைப் போட்டுவிட்டுத் திருப்புங்கள். பக்கத்தில் இருக்கும் சிறிய வழிகாட்டித் தொலைநோக்கிக்கும் இது பொருந்தும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தேநீர் குடிக்கப் போகும்போது குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெயில் நகர்ந்து உள்ளே விழுந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அதைவிடப் பெரிய அபாயமும் உண்டு.

மற்றொன்று, உயிரினங்களின் அமைதி. தொலைவிலிருந்தே பார்க்க முடிவதால் நாம் அவற்றை நெருங்கவே தேவையில்லை என்பதுதான் இந்தக் கருவியின் தலையாய பயன், ஆகவே அதை வீணாக்கக்கூடாது. கூட்டைப் பார்க்க மறைக்கிறது என்பதற்காக ஓர் இலையைக்கூடக் கிள்ளாதீர்கள். அந்த இலைதான் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் காகத்தின் கண்ணிலிருந்தும் காக்கிறது. மறைவு விலகும் வேறு கோணத்தைத் தேடித் தொலைநோக்கியை நகர்த்துங்கள். கோணம் கிடைக்காவிட்டால் அந்தக் கூட்டை விட்டுவிடுங்கள். தாய்ப்பறவை இரையோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதற்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதாக இருந்தால், மூடிய சன்னல் கண்ணாடி வழியே பார்ப்பதைத் தவிர்க்கவும். அந்தக் கண்ணாடி ஒளியியல் தரத்தில் செய்யப்பட்டதன்று. 26 மடங்கில் அதன் நெளிவுகள் எல்லாம் தெரியும். அறைக்கும் வெளிக்கும் வெப்பம் பெரிதும் வேறுபட்டிருந்தால், திறந்த சன்னலிலும் காற்றோட்டத்தால் பிம்பம் நடுங்கும்.

அந்திவான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன் மூடியில் அந்தச் சிறு மூடி இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதைத் திறந்து பார்த்ததும் நிழல் மறைந்துவிட்டது. ஐபீஸைச் சற்று வெளியே இழுத்து இறுக்கியதில் மரமும் தெளிவாகிவிட்டது. மரங்கொத்தி பட்டையைப் பற்றும்போது இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு விரல்கள் பின்னுமாகப் பிரிந்திருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். மவுண்டின் திருகு 90 பாகை வரை செல்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. இந்தக் காட்சியைப் படம் பிடிக்க இயலுமா? என் கேமராவை நேரடியாக ஃபோகஸரில் பொருத்தி நிலவைப் பிடிக்க முயன்றபோது, ஃபோகஸரை முழுவதுமாக உள்ளே தள்ளிய பிறகும் குவியம் கிட்டவில்லை.

மறுமொழி: குவியம்

நிலவுக்குக் கிட்டாதது மரத்துக்குக் கிட்டலாம், முயன்று பாருங்கள். கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் உணரி அதன் உடலுக்குள் ஆழத்தில் இருப்பதால், நியூட்டோனியனின் பிம்பம் அதை எட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது; நிலவு கிட்டாததற்கு அதுவே காரணம். 15 மீட்டரில் உள்ள பொருளின் பிம்பமோ, முன்பு சொன்னதுபோல, 29 மி.மீ. வெளியே தள்ளி விழுகிறது. ஐபீஸுக்குத் தொல்லையாக இருந்த அதே நகர்வு கேமராவுக்கு உதவியாக மாறுகிறது. குளத்துக் கிளைக்குக் கிடைக்கும் 11 மி.மீ. போதுமா என்பது உங்கள் ஃபோகஸரின் உயரத்தைப் பொறுத்தது.

கைப்பேசி வழியே எடுப்பது இன்னும் எளிது. 25 மி.மீ. ஐபீஸில் கண்ணை வைக்கும் இடத்தில் கைப்பேசியின் வில்லை வர வேண்டும். கையால் பிடித்தால் அந்த இடம் நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால் ஐபீஸோடு இறுக்கும் பிடிப்பான் ஒன்று தேவை. தொடுதிரையைத் தட்டினாலே குழாய் அதிரும், எனவே சில நொடிகள் கழித்துப் படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது காணொளியாகப் பதிவுசெய்து வேண்டிய சட்டகத்தைப் பின்னர் பிரித்தெடுங்கள். பறவைக்கு இரண்டாவது வழியே சிறந்தது. படம் தலைகீழாக வரும்; 180 பாகை சுழற்றினால் போதும், இடவலம் மாற்றத் தேவையில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள், ஏனென்றால் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் கானல் நெளிவைப் படம் அப்படியே பதிவுசெய்துவிடும்.